சிப்பு மாமா பதில்கள்

கே: ஹாபி எலக்ட்ரானிக்ஸ் ஆரம்பிக்கப் போகிறேன். எந்த புரோகிராமர் வாங்கலாம்?
(ஈரோடு வாசகர்)

ப: எந்தச் சிப் என்று சொல்லவே இல்லையே! ஏவிஆர் என்றால் யூஎஸ்பிஏஎஸ்பி, பிக் என்றால் பிக்கிட், எஸ்டிஎம்32 என்றால் எஸ்டி-லிங்க். மூன்றையும் வாங்கினால் கடைக்காரர் பிள்ளை இன்ஜினீயர் ஆவான்.

கே: 2016-லேயே அட்மெலை மைக்ரோசிப் வாங்கிவிட்டதே. ஒரே புரோகிராமர் போதாதா?

ப: பிக்கிட் 4 ஏவிஆரையும் தொடும். விலையைக் கேட்டால் நீங்கள்தான் தொட மாட்டீர்கள்.

கே: வீட்டில் ஊனோ போர்டு சும்மா கிடக்கிறது. அதையே புரோகிராமர் ஆக்கலாமா?

ப: பேஷாக! ஆர்டுயினோ ஐடிஇ-யின் உதாரணங்களில் 'ஆர்டுயினோ ஐஎஸ்பி' ஸ்கெட்ச் இருக்கிறது. அதை ஏற்றிய பிறகு ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள், மைனஸ் கால் கிரவுண்டில். போடாவிட்டால், கம்ப்யூட்டர் கூப்பிட்டதுமே ஊனோ ரீசெட் ஆகி, புரோகிராமைத் தானே வாங்கிக்கொள்ளப் பார்க்கும். பரிமாற வந்தவன் பந்தியில் உட்கார்ந்த கதை.

கே: புத்தம்புது ஏடிமெகா328பி. வயரிங் எல்லாம் சரி. ஆனாலும் டார்கெட் பதில் தரவில்லை என்கிறது ஏவிஆர்டியூட். டூப்ளிகேட் சிப்போ?
(மதுரை மாணவர்)

ப: கடைக்காரரைத் திட்டுமுன் கிளாக்கைப் பாரும். உள்ளே 8 மெகாஹெர்ட்ஸ். அதை எட்டால் வகுக்கும் ஃபியூஸோடுதான் சிப் கடைக்கே வருகிறது. மிச்சம் 1 மெகாஹெர்ட்ஸ். ஐஎஸ்பி வேகம் அதில் கால்வாசிக்கும் கீழே, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். யூஎஸ்பிஏஎஸ்பியோ வழக்கமாக 375-ல் கத்துகிறது. கட்டளையில் 'மைனஸ் பி 10' சேரும். பழைய ஃபர்ம்வேர் கிளோன் அதற்கு மசியாது. 'ஸ்லோ' ஜம்பரைப் போட வேண்டும்.

அப்புறமும் மௌனம் என்றால் மிசோவும் மோசியும் இடம் மாறியிருக்கும். 'வயரிங் எல்லாம் சரி' என்று எழுதுகிற யாரையும் நான் நம்புவதில்லை.

கே: ஃபியூஸ் பிட்டை மாற்றினேன். சிப் செத்துவிட்டது!

ப: அழாதீர். வெளி கிரிஸ்டலுக்கு மாற்றியிருந்தால் அது சாகவில்லை, கிரிஸ்டலுக்காகக் காத்திருக்கிறது. கொடுத்தால் எழுந்துவிடும். ரீசெட் காலையே அணைத்திருந்தால் 12 வோல்ட் ஹை-வோல்டேஜ் புரோகிராமர் வேண்டும். யூஎஸ்பிஏஎஸ்பி தலைகீழாக நின்றாலும் ஆகாது.

கே: எஸ்டி-லிங்க் கிளோன் வாங்கலாமா?

ப: வாங்கலாம். ஆனால் அலுமினிய உறையில் அச்சடித்த கால் வரிசையை நம்பாதீர்கள். சில கிளோன்களில் உறை ஒன்று சொல்லும், உள்ளே போர்டு வேறு சொல்லும். உறையைக் கழற்றிப் பார்த்துவிட்டு 3.3 வோல்ட்டைக் கொடுங்கள். இன்னொரு லாபம்: இது டிபக்கரும்கூட. ஓடுகிற புரோகிராமை நடுவரியில் நிறுத்தி, வேரியபிளைப் பிரித்துப் பார்க்கலாம். யூஎஸ்பிஏஎஸ்பிக்கு இந்த வித்தை தெரியாது. என்னைக் கேட்டால், காசு போடுவது இதற்குத்தான்.

கே: புரோகிராமரே வேண்டாத போர்டு உண்டா?
(சிக்கனச் செம்மல்)

ப: ராஸ்பெர்ரி பை பிகோ. பூட்செல் பட்டனை அமுக்கிக்கொண்டே யூஎஸ்பியில் சொருகினால் பென்டிரைவ் மாதிரி வந்து நிற்கும். யூஎஃப்2 ஃபைலை இழுத்துப் போட வேண்டியதுதான். பூட்லோடர் ரோமில் இருக்கிறது. நீங்களே முயன்றாலும் கெடுக்க முடியாது.

கே: அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் மாமா?

ப: 8751 சிப்பின் தலையில் கண்ணாடி ஜன்னல் இருக்கும். புற ஊதா விளக்கடியில் வைத்து, பழைய புரோகிராம் அழியும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு தப்புக்கு ஒரு டீ.

கே: இதையெல்லாம் வாங்கிவைத்து என்ன செய்வது?

ப: ஊரே செய்வதுதான். ஒரு எல்இடியை மினுக்குங்கள்.