வாசல் கேமராவும் திண்ணைக் கோட்பாடும்

வீட்டு வாசலில் கேமரா மாட்டுவது திருடனுக்காக என்றொரு கருத்து நெடுங்காலமாக நிலவுகிறது. கேமரா விற்பவர்கள், காவல்துறையினர், மாமனார்கள் என முத்தரப்பும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டதால் யாரும் ஆராயத் துணியவில்லை. மேற்கு மாம்பலத்து அடுக்ககங்களைக் களமாகக் கொண்ட இக்கட்டுரை அதை மறுக்கிறது. திருடன் ஒரு சாக்கு. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டியின் காலியிடத்துக்குத்தான் கேமரா நியமிக்கப்பட்டிருக்கிறது.

இத்துறையின் மூலவர், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர். நேரங்கெட்ட நேரத்தில் வேலை. கூப்பிட்டால் போலீஸ் வந்துசேர நேரமாகும். அவரும் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவர் ஆல்பர்ட்டும் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1969 டிசம்பரில் பெற்றார்கள். கதவில் மேலும் கீழுமாக நான்கு துளைகள், அவற்றுக்கு நேராக ஏறி இறங்கும் கேமரா, உள்ளே ஒரு டிவி, வந்தவரோடு பேச மைக், இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான். மேல் துளை நெட்டையருக்கு, கீழ்த் துளை குழந்தைகளுக்கு. கவனிக்க: திருட்டுப் பயத்தில் பிறந்த கருவியிலேயே குழந்தைக்கும் ஒரு துளை இருந்திருக்கிறது.

இரண்டாவது சான்று இன்னும் வலுவானது. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், கம்ப்யூட்டர் வழியாகப் பார்க்கும்படி ஒரு கேமராவை வைத்தார்கள். அது பார்த்துக்கொண்டிருந்தது காபிப் பாத்திரத்தை. மாடியேறிப் போய்க் காலிப் பாத்திரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு, 2001 வரை நீடித்தது. பெரிய படிப்புப் படித்தவர்களே திருடனைப் பற்றி நினைக்கவில்லை.

இனி மாம்பலம். பொருத்தும் சடங்கு எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஏணி மேல் ஒரு பையன், வாயில் ஸ்க்ரூ, கையில் புல்லட் கேமரா. உள்ளே டிவி முன்னால் வீட்டுக்காரர்.

“சார், கேட்டு தெரியுதா?”

“கேட்டு தெரியுது. எதிர்வீட்டு மாடிப்படி தெரியலையே.”

“அது எதுக்கு சார்?”

இக்கேள்விக்கு எங்கும் பதில் பதிவாகவில்லை. கேமரா மட்டும் மெல்ல இடப்பக்கம் திரும்பும்.

2.8 மி.மீ. லென்ஸ்தான் வேண்டும் என்று கேட்பதும் இதனால்தான். அது ஏறத்தாழ 100 டிகிரி அகலத்துக்குத் தெருவை அள்ளிக் கொடுக்கும். அகலம் கூடினால் ஆள் சிறுத்துப்போவான். முப்பதடிக்கு அப்பால் நிற்பவன் முகம் பிடிபடாது. முகம்தான் முக்கியம் என்றால் 6 மி.மீ. வாங்கியிருக்க வேண்டும். களத்தில் அப்படிக் கேட்டவர் அரிது.

சேமிப்பின் கணக்கும் நம் கட்சிதான். நான்கு கேமரா, ஒவ்வொன்றும் விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் நாளைக்கு ஏறக்குறைய 86 ஜிபி. 1 டெராபைட் டிஸ்க் பதினோரு பன்னிரண்டு நாளில் நிரம்பி, பழையதை அழித்து மேலே எழுதத் தொடங்கும். போன மாதத் திருட்டு போனது போனதுதான். போன வாரம் ஓரகத்தி யார் காரில் வந்து இறங்கினாள் என்பது பத்திரமாக இருக்கும்.

இரவில் ஆட்சி சிலந்தியுடையது. அகச்சிவப்பு விளக்கைச் சுற்றிப் பூச்சி, பூச்சிக்காகச் சிலந்தி, லென்ஸை ஒட்டி வலை. விளக்கொளி வலையில் பட்டுத் திரும்ப, திரை முழுக்க வெண்புகை. காற்றில் வலை அசையும்போதெல்லாம் செல்போனில் ‘ஆள் நடமாட்டம்’ என்று எச்சரிக்கை. ஒட்டடைக் குச்சியைவிட நல்ல தீர்வை இத்துறை இதுவரை தரவில்லை.

சரி, யார்தான் பார்க்கிறார்கள்? வீட்டிலிருப்பவர்கள் பார்ப்பதில்லை. டாலஸில் இருக்கும் மகன் பார்க்கிறான். “அம்மா, வாசல்ல சிலிண்டர்காரர் நிக்கறார் பாரு” என்று அங்கிருந்து போன் வந்த பிறகே இங்கே கதவு திறக்கிறது. காலிங்பெல்லில் பேட்டரி தீர்ந்து மாதக்கணக்காகிறது.

கடவுச்சொல்லுக்கு வருவோம். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் காட்சிகளைப் பதிந்துவைக்கும் டிவிஆர் பெட்டிகளையும் கைப்பற்றி, அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் வரை தடுமாற வைத்தது. பூட்டை உடைத்தெல்லாம் அது உள்ளே போகவில்லை. ‘அட்மின், அட்மின்’ போன்று தயாரித்தவர்களே வைத்து அனுப்பிய அறுபத்துச் சொச்சம் பயனர்பெயர்-கடவுச்சொல் ஜோடிகளைப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். மாம்பலம் அதற்குப் பிறகு முன்னேறியிருக்கிறது. ஏணியை மடக்கும்போது பையன் சொல்கிறான்: “பாஸ்வேர்டு உங்க மொபைல் நம்பர்தான் சார்.” அந்த நம்பர் வாசல் பெயர்ப்பலகையில் இருக்கிறது.

திருடர்களும் இக்கோட்பாட்டோடு ஒத்துப்போகிறார்கள். மிளகாய்ப்பொடி தூவிவிட்டு டிவிஆரையும் தூக்கிச் செல்லும் செய்தி நாளிதழ் வாசகருக்குப் புதிதல்ல. டிவிக்குக் கீழே பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு இருப்பதால் பெட்டியைத் தேடும் சிரமமும் இல்லை.

ஆனாலும் நம் களத்தில் ஒருவர் பிடிபட்டார். வைகறையில் கையில் கேரிபேக்குடன் நடைப்பயிற்சி செல்லும் ஓய்வுபெற்ற அதிகாரி, பக்கத்து அடுக்ககத்துச் செம்பருத்தியை மொட்டோடு பறிக்கும் காட்சி வாட்ஸ்அப் குழுவில் வெளியானது. விளக்கம் கேட்டுச் சங்கக் கூட்டம் கூடியது. அவர் பூவைப் பற்றிப் பேசவே இல்லை. வீடியோவை நிறுத்தி, இடது ஓரத்தைப் பெரிதாக்கி, “இது எங்க வீட்டு பால்கனி இல்லையா?” என்று மட்டும் கேட்டார். கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.