கலக்காமலே கண்டுபிடிக்கலாம்

கேள்வி: இரண்டு உப்புக் கரைசல்களைக் கலந்தால் வினை நடக்குமா என்று கலக்காமலேயே சொல்ல முடியுமா?
– பத்தாம் வகுப்பு மாணவி, கரூர்

பதில்: முடியும். பேப்பரும் பேனாவும் போதும். இரட்டை இடப்பெயர்ச்சி என்பது பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம்தான். ஜோடிகளை மாற்றி எழுதுங்கள். புது ஜோடிகளில் ஒன்றாவது தண்ணீரில் கரையாத ரகமா என்று கரைதிறன் பட்டியலில் பாருங்கள். கரையாதென்றால் வீழ்படிவு நிச்சயம்.

லெட் நைட்ரேட், பொட்டாசியம் அயோடைடு இரண்டுமே நிறமற்ற கரைசல்கள். சேர்த்தால் பளீரென்று மஞ்சள்! அதுதான் லெட் அயோடைடு. சோடியம் குளோரைடோடு பொட்டாசியம் நைட்ரேட்டைச் சேர்த்தாலோ, நான்கு அயனிகளும் முன்போலவே நீந்திக்கொண்டிருக்கும். சமன்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் நடந்தது ஒன்றுமில்லை. (பரீட்சையில் இதைத்தான் கேட்பார்கள்.)

மனப்பாடத்துக்குக் கொஞ்சம்: நைட்ரேட்டுகளும் சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகளும் கரைந்துவிடும். குளோரைடுகளில் வெள்ளியும் காரீயமும் முரண்டு பிடிக்கும். காரீயத்தின் முரண்டு வெந்நீரில் தளர்ந்துவிடும் என்பது வேறு விஷயம்.

சல்பேட்டுகளில் அடம்பிடிப்பது பேரியம். பேரியம் அயனி விஷம். ஆனாலும் குடல் எக்ஸ்ரேவுக்கு முன் பேரியம் சல்பேட்டைக் குடிக்கவே கொடுக்கிறார்கள். கரையாததால் உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். பேரியம் கார்பனேட்டும் தண்ணீரில் கரையாதுதானே, அதைக் குடித்தால் என்ன என்று கேட்டுவிடாதீர்கள். வயிற்று அமிலத்தில் அது கரைந்துவிடும். அதை எலிகளுக்குத்தான் வைத்தார்கள்.