22 வாளியும் ஒரு டையும்

ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தம். முந்தின ராத்திரிதான் மச்சான் தலைக்கு டை அடித்திருந்தார். வயது 63, பார்த்தால் நாற்பத்தைந்துதான் மதிக்கலாம் என்று நாம் சொல்ல வேண்டும், சொன்னால்தான் காபி. ஆறாவது கிணற்றில் வாளி கவிழ்ந்ததும் கிருதாவிலிருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கி வெள்ளைப் பனியனில் குடியேறியது. அதுவரை 'அண்ணே' என்ற தண்ணீர் இறைக்கிற பையன், அடுத்த கிணற்றில் "பெரியவரே, வழுக்கும், பாத்து" என்றான்.

திரும்பும்போது பாம்பன். 1914-இல் வந்த பழைய ரயில் பாலம், 1964 புயலில் நொறுங்கி 46 நாளில் எழுந்து, 2022 வரை உப்புக்காற்றில் ரயில் சுமந்தது. கப்பல் வந்தால் ஆட்கள் கையாலேயே நெம்பித் திறப்பார்கள். (வயசான மூட்டு என்றால் அப்படித்தான்.) பக்கத்திலேயே 2025-இல் திறந்த புதுசு, மோட்டாரில் நடுப்பகுதி அப்படியே மேலே போகும். செல்ஃபி எல்லாம் அதற்குத்தான். மச்சானும் எடுத்தார், பழையது தெரியாத கோணத்தில்.

"இந்த ஊர்க்காரர் கலாம், நரைச்ச தலையோட 70 வயசுல ஜனாதிபதி ஆனார் மச்சான்" என்றேன்.

"அவருக்கு முடி இருந்துச்சு மாப்ள."