லீவுக்கு வந்த மாப்ளைக்கு

வாங்க மாப்ள, எந்திரிச்சிட்டீகளா? மணி எட்டரைதான ஆகுது, இன்னும் செத்த நேரம் படுத்திருக்கலாம். ஊருக்கு வந்ததே ஓய்வெடுக்கத்தான. உங்கத்தை கோழி கூப்பிடுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, வாசத் தெளிச்சு, மாட்டைக் கறந்து, உன் பொண்டாட்டிக்குச் சீனி இல்லாமத் தனியா, புள்ளைகளுக்குப் பூஸ்ட்டு தனியா, உனக்கு டிகாசன் தூக்கலாத் தனியான்னு போட்டு வச்சிருக்கா. ஆறிப்போச்சுன்னு மட்டும் வாயத் தொறந்து சொல்லிராத. கரண்டி பறக்கும்.

மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, விடிய விடியத் தூக்கமில்லை. குழாய்ச் சத்தமாக்கும்? மார்கழி பூராவும் நாலரைக்கே போட்டுருவாய்ங்க. நீ படுத்த எடத்துலயே சட்டம் பேசுனியாமே, உன் மகன் வந்து சொன்னான். ராத்திரி பத்து மணியில இருந்து காலையில ஆறு மணி வரைக்கும் குழாய் போடக்கூடாதுன்னு 2000-ஆம் வருசமே விதி இருக்காம்ல. இருக்கு மாப்ள, நான் எங்க இல்லைன்னேன்? நீ ஒண்ணு செய்யி. குளிச்சுட்டு நேரா கோயிலுக்குப் போ. பூசாரி முன்னாடி நின்னு விதியப் பூராவும் வாசி. நல்ல மனுசன், குறுக்க பேசாமக் கேப்பாரு. கேட்டு முடிச்சதும் தொன்னையில வெண்பொங்கலை வச்சு உன் கையில நீட்டுவாரு. நெய்யி ஓரத்துல வழியும், மெளகு முழுசு முழுசாக் கெடக்கும். அதுல ஒரு வாய் உள்ள போனதுக்கப்புறம் விதி எங்கிட்டு வெளிய வரும்? பக்கத்துத் தெரு வாத்தியாரு போன மார்கழியில இப்படித்தான் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுச் சண்டைக்குப் போனாரு. இந்த வருசம் மைக் செட்டே அவரு உபயம். தூணுல பேரு எழுதியிருக்கு, போனாப் பாத்துட்டு வா.

குளிரும் ஒத்துக்கலையாக்கும். குரங்குக் குல்லா, மப்ளர், கால்ல சாக்ஸு. நம்ம மதுரைச் சீமையில மார்கழி விடியல்ல என்ன, ஒரு 20 டிகிரி இருக்குமா? அதுக்கே இந்த வேசம். மெட்ராஸ்ல ஏசிய 18-ல வச்சுக்கிட்டுக் கம்பளிக்குள்ள சுருண்டு கெடப்பியாம். உங்கம்மா போன்ல பெருமையாச் சொல்லுது. காசு குடுத்து வாங்குன குளிருன்னா ஒடம்புக்கு இதமா இருக்கும்போல. ஓசிக் குளிருலதான் சளி புடிக்குது. தைப்பனி தரையத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்பாய்ங்க. நீதான் மாசி வரைக்கும் இருக்கப் போறதில்லையே, மச்சு பொழச்சுச்சு.

வந்த கதைய வந்ததுல இருந்து சொல்லிக்கிட்டு இருக்க. ரயில் டிக்கெட்டுக்கு 60 நாளைக்கு முன்னாடி, காலையில எட்டு மணிக்கு டாண்ணு போனைத் தொறந்தியாம், கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள வெயிட்டிங் லிஸ்ட்டாம். முந்தி 120 நாளு இருந்துச்சு, 2024 நவம்பர்ல பாதியா வெட்டிட்டாய்ங்க. நாளு பாதியானா ஊருக்கு வர்ற சனமும் பாதியாயிரும்னு நெனச்சியாக்கும்? பெறகு காரை எடுத்திருக்க. பரனூர் டோல்கேட்டுல நிக்கிறப்ப, தாத்தா ஊரு வந்துருச்சான்னு உன் மக கேட்டுச்சாம். செங்கல்பட்டே இன்னும் வரலை! அடுத்த வருசத்துக்கு ஒரு யோசனை சொல்றேன், கேட்டுக்க. தீபாவளிக்கு வர்றீகள்ல, அப்படியே தங்கிருங்க.

உன் வீட்டுக்காரி தங்கமான புள்ளை. வந்த அலுப்போட அலுப்பா நேத்து உங்கத்தை கூட உக்காந்து கோலம் போட்டு, சாணி உருண்டை புடிச்சு, அதுல பரங்கிப்பூவச் செருகி வச்சுச்சு. நீ செருப்புக்காலோட மிதிச்சுட்டு வந்து, "என்ன மாமா, வாசல்ல எல்லாம் சாணியாக் கெடக்கு"ங்குற. நான் ஒண்ணும் சொல்லலை. அதான் அந்தப் புள்ளையே உன்னைய ஒரு பார்வை பாத்துச்சே.

நாளைக்குப் போகி. உன் மகன் காலையில இருந்து பழைய டயரு எங்க தாத்தான்னு என்னைய நச்சரிக்கிறான். மெட்ராஸ்ல கத்துக்கிட்ட வித்தை. 2018 போகிக்கு அங்க மூட்டுன புகையில ஏரோப்ளேனு எறங்க எடம் தெரியாம வேற ஊருக்குப் போச்சே, ஞாபகம் இருக்கா? இங்க எறங்குறது கொக்கும் மைனாவும்தான், அதுகளையாவது விட்டு வைங்கய்யா. நம்ம பக்கம் போகின்னா காப்புக் கட்டு. வேப்பிலை, மாவிலை, ஆவாரம்பூ, கண்ணுப்பிள்ளைப் பூ எல்லாத்தையும் சேத்து முடிஞ்சு, எறவாணத்துல, தொழுவத்துல, வயக்காட்டு மூலையில செருகணும். கண்ணுப்பிள்ளை ஓடைக்கரையிலதான் கெடைக்கும். மகனைக் கூட்டிக்கிட்டு நீ போயிப் பிடுங்கிட்டு வா. இன்னைக்கு எத்தனை அடி நடந்தேன்னு போனைப் போனைப் பாக்குறவன்தான நீ? ஓடைக்கரையில நடந்தாலும் அது எண்ணும், கேட்டுட்டேன்.

பொங்கலன்னைக்கு அவனியாபுரம், மாட்டுப் பொங்கலுக்குப் பாலமேடு, அதுக்கு மறுநா அலங்காநல்லூர்னு பெரிய திட்டமெல்லாம் போட்டிருக்க. இப்ப மாடு புடிக்கிறவனும் ஆன்லைன்ல பதியணும், மாட்டையும் பதியணும். மாடு பாவம், அதுக்கு அந்தச் சோலியெல்லாம் தெரியாது, வளக்குறவன்தான் கம்ப்யூட்டர் சென்டர் வாசல்ல கெடக்கான். நீ 2017-ல ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுல ராப்பகலா நின்னவன். டிவியில உன்னையத் தேடித் தேடி எங்களுக்குக் கண்ணு பூத்துப் போச்சு. அப்பேர்ப்பட்ட வீரன், நேத்து சாயங்காலம் நம்ம கன்னுக்குட்டி மூஞ்சிய நீட்டிச் சட்டைய மோந்ததுக்குத் திண்ணையில ஏறி நின்னியே! அது பால்குடி மறக்காத கன்னுய்யா. ஏதோ சென்ட்டு வாசத்துக்கு வந்திருக்கும். ஜல்லிக்கட்ட இந்த வருசம் டிவியிலயே பாரு. காளைக்கும் நிம்மதி.

அப்புறம் அந்த போட்டோ விசயம். போன பொங்கலுக்கு நடந்தது உனக்கு மறந்திருக்கும், உங்கத்தைக்கு மறக்கலை. பச்சை வெறகை வச்சுக்கிட்டு, ஊதி ஊதிக் கண்ணு செவந்து உக்காந்திருக்கா. பாலு பானைக் கழுத்துக்கு வந்துருச்சு. நீ குனிஞ்சு போனை நீட்டிட்டு, "அத்தே, ஒரு நிமிசம் நிறுத்துங்க, போன்ல எடமில்லையாம்"ங்குற. பொங்குற பாலை எதைக் கொண்டு நிறுத்துவா? நீ பழைய போட்டோவ ஒவ்வொண்ணா அழிக்கிறதுக்குள்ள பாலு பொங்கி, வழிஞ்சு, அடுப்பு அணைஞ்சு, குலவையும் ஓஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அணைஞ்ச அடுப்புக்கு முன்னாடி அவளைத் திரும்ப உக்கார வச்சு, குலவை போடச் சொல்லி வீடியோ எடுத்தியே, அதுக்கு லைக்கு குமிஞ்சுச்சாம். அவளுக்கு மிஞ்சுனது கண்ணெரிச்சல். இந்தத் தடவை ராத்திரியே போனைக் காலி பண்ணிரு. ஒண்ணாந்தேதி வந்து விழுந்த ஹேப்பி நியூ இயர் படமே பாதி எடத்தை அடைச்சிருக்கும். அதுல நான் அனுப்புனதை மட்டும் விட்டுரு, என் பேத்தி செஞ்சு குடுத்தது.

சரி, காப்பியக் குடிச்சு முடிச்சிட்டியா? ஒரு சின்ன சோலி இருக்கு. ரேஷன் கடையில பொங்கச் சாமான் போடுறாய்ங்க. நமக்கு டோக்கன்ல இன்னைக்குக் காலையில பத்து மணின்னு போட்டிருக்கு. பச்சரிசி ஒரு கிலோ, சீனி ஒரு கிலோ, முழுக்கரும்பு ஒண்ணு. ரூவா சில வருசம் சேந்து வரும், 2025-ல வரலை. 2022-ல 21 சாமான் குடுத்தாய்ங்க, பையத் தூக்க ஆளில்லாம நானும் உங்கத்தையும் ஆளுக்கு ஒரு காதாப் புடிச்சுக்கிட்டு வந்தோம். மேலூர்ப் பக்கம் கரும்பு காடாக் கெடக்குறப்ப ஒத்தக் கரும்புக்கு எதுக்கு மாமா வரிசைன்னு நீ கேப்ப. ஓசிக் கரும்போட ருசி உனக்கு எங்க தெரியும், குளிரையே காசு குடுத்து வாங்குறவனுக்கு?

சிக்கல் என்னன்னா, அந்த மிஷினு என் கட்டைவிரலை ஒத்துக்கிட மாட்டேங்குது. மம்பட்டி புடிச்சுப் புடிச்சு ரேகையெல்லாம் தேஞ்சு வழவழன்னு கெடக்கு, இந்தா பாரு. உங்கத்தை விரலு அதுக்கு மேல, சாம்பலு போட்டுப் பாத்திரம் வெளக்குன கை. நானும் வேட்டியில தொடைக்கிறேன், எச்சித் தொட்டு வைக்கிறேன், அது செவப்பு லைட்டப் போட்டுக் கீங்குது. பின்னால நிக்கிற சனம் மொணங்குது. நீ படிச்சவன், பக்கத்துல நின்னு இங்கிலீசுல நாலு வார்த்தை மெரட்டுனா மிஷினு பயந்துக்கிட்டு வேலை செய்யும்.

காரு வேணாம்ப்பா. அந்தச் சந்துக்குள்ள போகாது, கரும்பும் உள்ள நுழையாது. நம்ம டிவிஎஸ் ஃபிஃப்டிய நீ ஓட்டு, நான் பின்னால உக்காந்து கரும்பப் புடிச்சுக்கிறேன். குல்லாயக் கழட்டிட்டு வா. எங்கூட வந்திருக்கிறது யாருன்னு கடைவாசல்ல நாலு பேரு பாக்கட்டும்ல. பைய எடுத்துக்க, அந்த ஆணியில மாட்டியிருக்கு.