கத்தி வேணுமா, சார்?

பார்சல் பிரிக்க நம் மக்கள் கையாளும் ஆயுதங்கள் பல. பேனா முனையால் குத்துவார்கள், நகத்தால் சுரண்டுவார்கள், ஒன்றும் நடக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது முன்பல். "பல்லால கடிக்காதீங்க சார், எனாமல் போயிடும்!" என்று அப்போது நாலு மேஜை தள்ளி ஒரு குரல் வரும். தொடர்ந்து நாற்காலி நகரும் சத்தம். எழுந்து வருபவரின் வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் எதையோ துழாவிக்கொண்டிருக்கும். அவர்தான் சாவிக்கொத்துக் கத்திக்காரர். ஆபீசுக்கு ஒருவர், அபார்ட்மென்ட்டுக்கு ஒருவர் என்று எங்கும் இருப்பவர்.

கத்திக்காரர் என்றதும் பயப்பட வேண்டாம். அலகு நாலு சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆளும் சாது. வயது நாற்பதுக்கு மேல், வங்கியிலோ சாப்ட்வேர் கம்பெனியிலோ உத்தியோகம். கத்தியை எடுத்து வெட்ட வேண்டிய வேலை எதுவும் அவருக்கு இல்லை. அந்த வேலை உள்ளவர்கள், அதாவது இளநீர்க்காரர், எலக்ட்ரீஷியன், வாழையிலைக்காரர் ஆகியோர், கத்தியைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. நம்மவர் அதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

அவர் அதை வாங்கிய கதை தனிப் புராணம். இருபது வருஷ வீட்டுக் கடன் பத்திரத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர், விரல் நீளச் சாமான் ஒன்றுக்காக மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்தார். முதல் காரியமாக, சமையலறையில் கேக் மாவு நிறுக்க வாங்கிய டிஜிட்டல் தராசில் சாவிக்கொத்தை வைத்து எடை பார்த்தார். வண்டிச் சாவி, வாசல் சாவி, பீரோ சாவி, எதற்கென்றே யாருக்கும் தெரியாத ஒரு பித்தளைச் சாவி. "இதுக்கு மேல அம்பது கிராம் ஏறினா பாக்கெட் தையல் விட்டுடும்" என்று தீர்ப்பாயிற்று. பித்தளைச் சாவியைக் கழற்றலாமே என்று மனைவி சொன்னது சபைக் குறிப்பில் ஏறவில்லை.

கடைசிச் சுற்று வரை நின்றவை மூன்று. விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்டி: மடக்கினால் 58 மில்லிமீட்டர், எடை 21 கிராம். அதற்குள் ஒரு கத்தி, ஒரு கத்தரிக்கோல், ஒரு நக அரம். அரத்தின் நுனியே ஸ்க்ரூ டிரைவர். பக்கவாட்டில் செருகியபடி ஒரு சாமணம், ஒரு பல்குச்சி. அடுத்தது லெதர்மேன் மைக்ரா: விரித்தால் முழுசாக ஒரு கத்தரிக்கோல், ஆனால் 51 கிராம். மூன்றாவது கெர்பர் டைம்: விரித்தால் கட்டிங் பிளேயர், எடை 60 கிராமுக்கும் மேல்.

பிளேயர்தான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. 1975-ல் டிம் லெதர்மேன் என்கிற அமெரிக்கர் பழைய ஃபியட் கார் ஒன்றில் ஐரோப்பா சுற்றக் கிளம்பினார். கையில் இருந்தது ஒரு பேனாக்கத்தி. கார் அடிக்கடி மக்கர் பண்ண, இந்தக் கத்தியோடு ஒரு பிளேயரும் இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று தோன்றியது. ஊர் திரும்பி வருஷக்கணக்கில் பாடுபட்டு, 1983-ல் அப்படி ஒன்றை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார். இந்த வரலாற்றைப் படித்த நம்மவர் ஒரு வாரம் பிளேயர் பக்கம் சாய்ந்திருந்தார். ஆனால் அவர் உலகம் சுற்றுவது வேளச்சேரிக்கும் கிண்டிக்கும் நடுவில். வண்டி நின்றால் அவர் எடுப்பது செல்போன்; கூப்பிடுவது மெக்கானிக்கை.

பாட்டில் ஓப்பனர் உள்ள ராம்ப்ளர் என்கிற மாடலும் நடுவில் ஆசை காட்டியது. மது அருந்தும் பழக்கம் அவருக்கு இல்லை. திறப்பதற்கு மிஞ்சியது பன்னீர் சோடா. அதைக் கடைக்காரரே திறந்துதான் கொடுக்கிறார். "திறக்காம குடுங்க" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தார். கடைசியில் கிளாசிக்தான் ஜெயித்தது. சிவப்பு நிறம். வீட்டில் சொன்ன விலை ஒன்று, பில்லில் இருந்தது வேறு.

வந்து சேர்ந்த பிறகுதான் சில சங்கதிகள் தெரிந்தன. அலகைத் திறக்க அதன் முதுகை ஒட்டிப் பிறை மாதிரி ஒரு சின்னப் பள்ளம் உண்டு. அதில் கட்டைவிரல் நகத்தை மாட்டி இழுக்க வேண்டும். அதற்கு நகம் வேண்டும். நம்மவரோ ஞாயிறுதோறும் ஒட்ட நகம் வெட்டுகிறவர். ஆகவே திங்கள், செவ்வாயில் கத்தி திறக்காது. புதன்கிழமை லேசாக அசையும். வெள்ளிக்கிழமை 'டக்' என்று திறக்கும். இப்போது கட்டைவிரல் நகத்தை மட்டும் விட்டு வளர்க்கிறார். பார்ப்பவர்கள் வீணை கற்றுக்கொள்கிறாரா என்று கேட்கிறார்கள்.

இன்னொன்று, கத்தி சாவிக்கொத்தில் இருக்கிறது. சாவிக்கொத்து வண்டியில் இருக்கிறது. பூக்கடை வாசலில் மனைவி நூலை அறுக்கக் கத்தி கேட்டால், ஓடுகிற இன்ஜினை அணைத்து, சாவியைத் திருகி எடுத்து, கத்தியைப் பிரிப்பதற்குள் பூக்காரம்மா நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று அறுத்துக் கொடுத்துவிடுகிறார். அந்த விரலுக்கு எந்த ஊர் எஃகு ஈடாகும்?

ஆபீஸ் அனுபவம் இதைவிடச் சோகம். கூரியர் வந்தது. பழுப்பு டேப் மூன்று சுற்று. "யார்கிட்டயாவது கத்தி இருக்கா?" என்று அவர் வருஷக்கணக்காகக் காத்திருந்த கேள்வி எழுந்தது. எழுந்தார். பாக்கெட் இறுக்கம், கொத்து சிக்கிக்கொண்டது. உருவினார். ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டதைக் கவனித்ததும், திறப்பதற்கு முன்னால் இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றிவிட்டது.

"இது சாதாரணக் கத்தி இல்ல சார். சுவிட்சர்லாந்துல இபாக்னு ஒரு ஊர். 1884-ல கார்ல் எல்சனர்னு ஒருத்தர் அங்க பட்டறை போடறார். சுவிஸ் ராணுவத்துக்கே அப்ப கத்தி ஜெர்மனியிலேருந்துதான் வருது. 'நம்ம சிப்பாய்க்கு நம்ம ஊர்க் கத்தி'ன்னு இவர் கிளம்பறார். 1891-ல முதல் சப்ளை. 1897-ல இந்த டிசைனுக்குத் தாத்தா மாதிரி ஒண்ணைப் பதிவு பண்றார். 1909-ல அம்மா தவறிடறாங்க. விக்டோரியான்னு பேரு. அம்மா பேரையே கத்திக்கு வெச்சுட்டார் சார்!"

'அம்மா' என்கிற இடத்தில் குரல் தழுதழுக்க நிமிர்ந்து பார்த்தால், பெட்டி திறந்து கிடந்தது. அட்டெண்டர் தன் சைக்கிள் சாவியால் டேப்பை ஒரே இழுப்பில் கிழித்திருந்தார். அதே வேலையைச் செய்யக்கூடிய சாவிகள் நாலு, கத்தி தொங்கிய அதே வளையத்தில் நம்மவர் கையிலேயே இருந்தன.

உறவுக்காரர் வீட்டு விசேஷங்களிலும் அவருக்கு நிம்மதி கிடையாது. மாலைச் சரத்தை அளவாக வெட்ட வேண்டியிருந்தது. பெருமையோடு கத்தியை நீட்டினார். "கையில குடுக்காதீங்கோ, சண்டை வரும். கீழ வையுங்கோ" என்றார் மாமி. கீழே வைத்தார். பூ, மஞ்சள், வெற்றிலை, குங்குமம் நிறைந்த தரையில் 58 மில்லிமீட்டர் சிவப்புப் பொருள் எப்படித் தெரியும்? அரை மணி நேரம் தேடினார். ஒருவேளை உள்ளே விழுந்திருக்குமோ என்று, வரிசையாக வைத்திருந்த தாம்பூலப் பைகளை ஒவ்வொன்றாகத் துழாவினார். பெரிய தேங்காயாகப் பொறுக்குகிறார் என்று சம்பந்தி வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஆபீசில் ஒரு பிறந்த நாள். கேக்கோடு வரும் பிளாஸ்டிக் கத்தியைக் காணவில்லை. இந்த முறை யாரிடமும் சாவி இல்லை, வரலாறு சொல்லி நேரத்தையும் அவர் வீணாக்கவில்லை. இரண்டு கிலோ கேக்கை நாலு சென்டிமீட்டர் அலகால் முப்பது துண்டு போட்டார். மணிக்கட்டு வரை கிரீம். கைதட்டல்கூட எழுந்தது. வீட்டுக்கு வந்து கத்தியைக் கழுவி, துடைத்து, ஆணியில் மாட்டினார். விடிந்ததும் பார்த்தால் ஆணியிலிருந்து தரை வரை எறும்புச் சாரி. கீலுக்குள் போன கிரீமுக்கு அவை வழி கண்டுபிடித்துவிட்டன. பல்குச்சியால் நோண்டி, வெந்நீரில் ஆட்டி, கடைசியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்ட பிறகுதான் கத்தி பழைய 'டக்'குக்குத் திரும்பியது. பல்குச்சி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் உண்மையிலேயே நாலு பேர் கேட்கும் ஒரே சாமான் அதுதான். அதை மட்டும் அவர் யாருக்கும் கொடுப்பதில்லை.

விமான நிலையத்தில் நடப்பது தனிக் காட்சி. தட்டில் போன சாவிக்கொத்து மட்டும் பின்வாங்கி நிற்கும். "யே க்யா ஹை?" என்பார் காவலர். "சோட்டா... பஹுத் சோட்டா" என்று நம்மவர் இரண்டு விரலை நெருக்கிக் காட்டுவார். ஆறு சென்டிமீட்டருக்குக் குறைந்த மடக்குக் கத்தியை விமானத்தில் விடலாம் என்று 2013 மார்ச்சில் அமெரிக்காவே அறிவித்ததே என்று வாதிடுவார். எதிர்ப்பு கிளம்பி ஜூனில் அதைக் கைவிட்டதைச் சொல்ல மாட்டார். காவலருக்கு இரண்டு மாதமும் ஒன்றுதான். இதற்கென்றே விக்டோரினாக்ஸ் கம்பெனி அலகை எடுத்துவிட்டு ஜெட்செட்டர் என்று ஒரு மாடல் போட்டது. கத்தி இல்லாத கத்தியை வாங்குவதா என்று நம்மவர் கௌரவமாக மறுத்துவிட்டார்.

சட்டத்துக்கு விரோதமோ என்கிற பயமும் ஒருசமயம் இருந்தது. ஆயுத விதிகளைத் தேடிப் படித்தார். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் உள்ளவை நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள்தான் அந்தப் பட்டியலில் வருகின்றன. தன்னுடையது பட்டியலின் பக்கத்துத் தெருவில்கூட இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வந்தது. கூடவே கொஞ்சம் வருத்தமும் வந்தது.

இத்தனைக்கும் அவர் நிஜமாக உபயோகிப்பது கத்தியை அல்ல, கத்தரிக்கோலை. சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல், மாத்திரை அட்டை, பால் பாக்கெட் மூலை, மீசையில் துருத்தும் ஒற்றை முடி, எல்லாம் அதன் உபயம். அலகுக்குப் பூட்டு கிடையாது. அழுத்திக் குத்தினால் மடங்கி விரலைக் கடிக்கும் என்பதை அவர் விரலே சொல்லும். அதனால் பர்ஸில் ஒரு பிளாஸ்திரியும் வைத்திருக்கிறார். வாங்கப் போகிறவர்கள் கேட்டால் தனியாக அழைத்துப் போய்ச் சொல்லும் யோசனையும் இதுதான்: "கத்தியைப் பார்த்து மயங்காதீங்க. கத்தரிக்கோல் எப்படி வெட்டுதுன்னு பாருங்க." ஆனால் கூட்டத்தில் 'கத்தரிக்கோல்காரர்' என்று பெயர் எடுக்க அவருக்கு மனசில்லை.

போன ஆயுத பூஜைக்குத்தான் அவருடைய தவம் பலித்தது. பூஜையறையில் அரிவாள்மனை, சுத்தியல், லேப்டாப். அவற்றின் நடுவே ஒரு வெற்றிலையின் மேல் சந்தனமும் குங்குமமுமாக நம்மவரின் கத்தி. காலிங் பெல் அடித்தது. வாசலில் அசோசியேஷன் செக்ரட்டரி. பின்னால் வாழைக்கன்றோடு வாட்ச்மேன். தோளில் சணல் கண்டு.

"சார், வண்டிக்கெல்லாம் வாழை கட்டணும். எல்லார் வீட்டுலயும் கத்தி பூஜையில இருக்கு, எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்கதான் எப்பவும் பாக்கெட்லயே வெச்சிருப்பீங்களே..."

பாக்கெட்டைத் தொட்டார். காலி. பூஜையறையைத் திரும்பிப் பார்த்தார். "சாமிகிட்ட வெச்சதை நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்" என்று உள்ளேயிருந்து மனைவி குரல்.

"பரவால்ல சார்" என்று திரும்பினார் செக்ரட்டரி. "வாட்ச்மேன்கிட்ட லைட்டர் இருக்கு. சணலைச் சுட்டுக்கலாம்."

லைட்டர்! நம்மவர் உடம்பு ஆடிப்போனது. "ஒரு நிமிஷம்!" என்றவர் உள்ளே போய், கன்னத்தில் போட்டுக்கொண்டு, வெற்றிலையிலிருந்து எடுத்தேவிட்டார்.

"என்னங்க இது!"

"நாம பூஜையில வெச்சது கத்தியை. நான் எடுக்கறது கத்தரிக்கோலை."

"ரெண்டும் ஒண்ணுலதானே இருக்கு?"

"வண்டிச் சாவியும் அதுலதான் இருக்கு. அது இல்லாம வண்டிக்குப் பூஜை எப்படிப் போடறது?"

கீழே கார், ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் சணல் அறுத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் அந்தக் குட்டிக் கத்தரிக்கோல் ஏழெட்டுக் கடி கடித்தது. அரிவாள் இருந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. லைட்டரை நீட்டிய வாட்ச்மேனை இரண்டு முறை முறைத்தார். இரண்டு விரலிலும் கொப்புளத்தோடு மேலே வந்தவர், மனைவி வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்:

"அடுத்த வருஷத்துக்குள்ள இன்னொண்ணு வாங்கிடணும். ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு ஜனங்களுக்கு."