ராக்கி பாய்க்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி

2004-ல் வந்த 'ட்ராய்' படத்தில் பிராட் பிட் இருக்கிறார், குதிரை இருக்கிறது, கடவுள்களைத்தான் காணோம்! ஹோமர் கதையில் சண்டையை மூட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பதே அவர்கள்தான். முருகன் இல்லாமல் சூரசம்ஹாரம் நடத்திய கதை. அதற்கு முன்பே, 1997-ல், டிஸ்னி ஒரு காரியம் செய்திருந்தது. ஹெர்குலிஸின் தொட்டிலுக்குப் பாம்பு அனுப்பிய சித்தி ஹீராவைப் பாசமான பெற்ற தாயாக்கிவிட்டார்கள்.

கிரேக்கர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பாக்டோலஸ் ஆற்று மணலில் தங்கம் கிடைத்தது. எப்படி வந்ததாம்? தொட்டதெல்லாம் தங்கமாகி, சோறும் தங்கமாகிப் பட்டினி கிடந்த மைதாஸ் ராஜா அங்கே குளித்தாராம். ஜியாலஜிஸ்ட் கிடைக்காத ஊரில் கதாசிரியர் ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்.

நம்ம கேஜிஎஃப்புக்கும், அதாவது கோலார் தங்க வயலுக்கும், கதாசிரியர் வந்தார், 2018-ல், 'கேஜிஎஃப்' படத்தோடு. படத்தில் 1951-ல்தான் தங்கம் கண்டுபிடிக்கிறார்கள். அதே நாளில் ஹீரோ ராக்கியும் பிறக்கிறான். என்ன டைமிங்! நிஜத்தில் அதற்குள் சாம்பியன் ரீஃப்ஸிலும் ஊர்காமிலும் தாத்தா, அப்பா, பிள்ளை என்று எல்லோரும் மைனுக்குள் இறங்கி ஏறியாகிவிட்டது.

நிஜ ஹீரோ மைக்கேல் லாவெல், அயர்லாந்துக்காரர். நியூசிலாந்தில் போர் பார்த்துவிட்டு, பெங்களூரில் ரிட்டயர்டு வாழ்க்கை போரடிக்க, ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரியின் பழைய கட்டுரை ஒன்று கையில் கிடைத்தது. கிராமத்து ஜனங்கள் வண்டியில் மண் கொண்டுவந்து, வாரன் கண்ணெதிரே அலசிப் பொன் காட்டிய சங்கதி அதில் இருந்தது. 1871-ல் லாவெல் மாட்டுவண்டி கட்டிக் கோலாருக்குக் கிளம்பினார். ஸ்லோமோஷன் கிடையாது; மாடே ஸ்லோமோஷன்தான். 1873-ல் லைசென்ஸ் கேட்டார்; 1875-ல் மைசூர் அரசு கொடுத்தது. ஐடியா ரெடி, லைசென்ஸ் ரெடி, பணம் மட்டும் இல்லை. பெங்களூரின் முதல் ஸ்டார்ட்அப் இதுதான் என்பது என் கட்சி. உரிமை கை மாறி, 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தது. சுமார் 120 வருஷத்தில் 800 டன் தங்கம் வெளியே போனது. லாவெலுக்குப் பெங்களூரில் ஒரு ரோடு. இன்று அங்கே காபி குடிக்கவே மைதாஸ் கை வேண்டும்.

'தங்கலான்' படம் (2024) பரவாயில்லை, தங்கம் தோண்டிய வட ஆற்காட்டுத் தமிழர்களை ஞாபகம் வைத்திருந்தது. தங்கத்துக்குக் காவலாக ஆரத்தி என்ற மந்திரக்காரியையும் நிறுத்தியது. கிரேக்கக் கதையில் ஜேசன் தேடிப்போன தங்கக் கம்பளிக்கும் தூங்காத டிராகன் காவல். நிஜ மைனில் ஆரத்தியும் இல்லை, டிராகனும் இல்லை; ஷிஃப்ட் முடிந்து வருகிறவனைத் தடவிப் பார்க்கக் கம்பெனி ஆள் இருந்தார்.

ராக்கியின் சாம்ராஜ்யத்துக்காக கேமரா போன இடம் எது தெரியுமா? சயனைடு மலை. தங்கத்தை எடுத்துக்கொண்டு கம்பெனி கொட்டிவிட்டுப் போன கழிவு, 3 கோடி டன்னுக்கு மேல். காற்றடித்தால் ஊர்க்காரர் மூக்கில் ஏறும். அந்தக் குப்பையிலும் தங்கம் எடுத்தது சினிமாக்காரர்கள்தான்.

முடிவைப் பாருங்கள். தன் கப்பலின் மக்கிப்போன கட்டையே தலையில் விழுந்து ஜேசன் செத்தான். ராக்கி தங்கத்தோடு கப்பலில் மூழ்கினான். 2001 பிப்ரவரி 28-ல் மைன் மூடியபோது கேஜிஎஃப்காரர்களுக்கு மூழ்கக் கப்பலும் இல்லை. விடிகாலை மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூர் வேலைக்குப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ராக்கி பாய் ஏறினாலும் ஃபுட்போர்டுதான்.