வாலுள்ள வண்டிக்கு மின்னேற்றம்: கும்மிடிப்பூண்டிச் சாலையை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்களிலிருந்து வெளிவரும் டி.எம்.டி. கம்பியின் வழக்கமான நீளம் 12 மீட்டர். இந்த ஆய்வின் சிக்கல் முழுவதும் அந்த 12 மீட்டரில்தான் தொடங்குகிறது. வளைக்காமல் ஏற்ற வேண்டுமானால் சாதாரண லாரி போதாது, டிரெய்லர்தான் வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து வரும் 40 அடி கன்டெய்னரும் ஏறக்குறைய அதே நீளம். முன்னால் இழுவை லாரியையும் சேர்த்தால் மொத்தம் 15 மீட்டரைத் தாண்டிவிடும். ஆக, தேர்வாய்கண்டிகையிலிருந்து எண்ணூர் வரை இந்த வட்டாரம் வாலுள்ள வண்டிகளின் வட்டாரம். அவை டீசலில் ஓடும்வரை யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. மின்சாரத்துக்கு மாறத் தொடங்கியதும், ஆய்வுலகம் இதுவரை ஏறெடுத்தும் பாராத வினா ஒன்று முளைத்திருக்கிறது: சார்ஜ் போடும்போது வாலை என்ன செய்வது?

முதலில் ஆய்வு எல்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் அதிகம் நடக்கும் இழுவை டிரெய்லர் இழுவை அன்று, ‘டோ’ போடுவது. செங்குன்றத்துக்கும் காரனோடைக்கும் நடுவே ஸ்கூட்டரில் சார்ஜ் தீர்ந்தவரை, பின்னால் பைக்கில் வரும் நண்பர் ஒற்றைக் காலால் ஃபுட்ரெஸ்ட்டில் உந்தித் தள்ளிக்கொண்டே வருவார். கொக்கி இல்லை, கயிறு இல்லை, செருப்பு மட்டும் போதும். உயர்ந்த கலை என்றாலும் இது தள்ளுதல் வகை, இழுத்தல் ஆகாது. எனவே விலக்கப்படுகிறது. மின்காரைக் கயிறு கட்டி இழுத்தால் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி பேட்டரி ஏறிவிடுமே என்று கேட்கும் மாற்றுச் சிந்தனையாளர்களும் உண்டு. மின்சாரம் உண்டாவது உண்மைதான். அதனாலேயே இயங்கு சக்கரங்கள் தரையில் உருள மின்காரை இழுக்காதீர்கள், மேடை லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள் என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கையேட்டில் எச்சரிக்கிறார்கள்.

இனி மூலக் காரணம். பெட்ரோல் பங்க் என்பது வழி. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம். பஞ்செட்டியிலோ கவரைப்பேட்டையிலோ எந்த பங்க்கிலும் டிரெய்லர் ஒன்று டீசல் பிடித்துவிட்டுப் போவதைப் பாருங்கள். ரிவர்ஸ் கியரே தேவைப்படாது. ஆனால் மின்னேற்றி வந்தபோது அதை வைத்தவர்கள் பங்க்கைப் பார்த்து வைக்கவில்லை. நேரம் பிடிக்கும் வேலை, ஆகவே வண்டி நிற்கப்போகிறது, ஆகவே இது பார்க்கிங் என்று முடிவுகட்டி, காற்றுப் பிடிக்கும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் இடைப்பட்ட மூலையில், சுவரை ஒட்டி, மஞ்சள் கோடு போட்டு நட்டுவிட்டார்கள். கார் மூக்கை நுழைத்து நிற்கும். டிரெய்லர் நுழைந்தால் மூக்கு சுவரில், வால் கொல்கத்தா நெடுஞ்சாலையில்.

இது நம்மூர்க் கோளாறு மட்டும் என்று யாரும் வருந்த வேண்டாம். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் படகும் வீட்டு வண்டியும் கட்டி இழுப்பவர்கள் ஏராளம். டெஸ்லா காரில் மின்வாய், அதாவது சார்ஜ் மாட்டும் இடம், இடப்பக்கப் பின்விளக்கோடு இருக்கிறது. மின்னேற்றியின் கேபிளோ குட்டை. பின்னால் நகர்ந்து வந்து நின்றால்தான் எட்டும். பின்னால் வால் இருக்கும்போது பின்னால் நகர்வது எப்படி? ரிவியன் நிறுவனம் தன் மின்வண்டியின் முன்பக்க இடது மூலையில் மின்வாய் வைத்தது. ஶ்ரீபெரும்புதூர் அருகே தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா மின்காருக்கும் மின்வாய் முகத்திலேயே இருக்கிறது. ஆனால் அதன் பின்னால் படகு கட்டி இழுப்பவர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. இதில் இன்னொரு கொடுமை, வால் கட்டினால் மின்கார் ஓடும் தூரம் பாதியாகக்கூடக் குறைந்துவிடும். அடிக்கடி சார்ஜ் தேவைப்படும் வண்டிதான் மின்னேற்றியின் அருகே போக முடியாத வண்டியும்கூட.

அப்படியானால் அவிழ்த்துவிட்டுப் போகலாமே என்பார்கள், டிரெய்லர் ஓட்டாதவர்கள். இதற்கு முன்னுதாரணம் உண்டு. மாட்டுவண்டிக்காரர் சத்திரத்தில் மாட்டை அவிழ்த்து, நுகத்தடிக்கு ஒரு கட்டை முட்டுக்கொடுத்து, தண்ணீர் காட்டினார். வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. இங்கே மாடு 55 டன் இழுக்கும் மாடு. சமதரையாகப் பார்த்து நிறுத்த வேண்டும். பிரேக் போட வேண்டும். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி டிரெய்லரின் முன்கால்கள் இரண்டையும் தரையில் ஊன்ற வேண்டும். சிவப்பும் மஞ்சளுமான காற்றுக் குழாய்களையும் விளக்கு வயரையும் பிடுங்க வேண்டும். பிறகு கொக்கியை விடுவிக்கும் நெம்புகோலை, அது வராது, இன்னொரு தரம், கால் உதைத்து இழுக்க வேண்டும். அதன்பின் மெல்ல முன்னேறினால் தலை தனி, வால் தனி. சார்ஜ் முடிந்ததும் இவ்வளவையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். பின்னோக்கிப் போய்க் கீழே நுழைய, கிளீனர் பக்கவாட்டில் நின்று “வரட்டும்... வரட்டும்... லெஃப்ட் ஒடி... ஓல்டான்!” என்று தகரத்தில் தட்டுவார். ‘டக்’ என்று பூட்டு விழுந்த பிறகும், ஒருமுறை முன்னால் இழுத்துப் பார்த்தால்தான் அனுபவசாலி நம்புவார். இதெல்லாம் ஒரு சார்ஜுக்கு. அவிழ்த்துவைத்த கம்பி லோடுக்குப் பங்க்கில் யார் காவல் என்ற உபவினா வேறு.

அவிழ்க்காமல் குறுக்கே நிறுத்தினால் நான்கைந்து கட்டங்கள் அடைபடும். அந்நேரம் பார்த்து மின்காரில் குடும்பத்தோடு வருபவர் டிரைவரிடம் பேசும் மொழியை ஆராயும் துணிவு இக்கட்டுரைக்கு இல்லை.

அரசு இதை அறியாமல் இல்லை. மத்திய மின்துறை 2022இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல்கள் நெடுஞ்சாலையின் இருபக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு மின்னேற்று நிலையமும், கனரக வண்டிகளுக்கென 100 கிலோமீட்டருக்கு ஒன்றும் வேண்டும் என்றன. சென்னையிலிருந்து அளந்தால் நூறாவது கிலோமீட்டர் சூளூர்ப்பேட்டையைத் தாண்டி ஆந்திராவில் விழுகிறது. கும்மிடிப்பூண்டி முழுவதும் விதிக்குள் அடங்கிய வெற்றிடம்! 10,900 கோடி ரூபாயில் 2024 அக்டோபர் 1 அன்று தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்லாரிகளுக்காக 500 கோடி ஒதுக்கப்பட்டது. 2025 ஜூலையில் வந்த அதன் விதிகளின்படி லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் வரை மானியம். டிரெய்லர் பூட்டிய வண்டியென்றால் இழுக்கும் தலைக்கு மட்டும். வாலுக்குக் காசு கிடையாது. வால் என்று ஒன்று இருப்பதை அரசிதழ் ஒப்புக்கொண்டதே இத்துறையில் பெரிய முன்னேற்றம்தான்.

நேரக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 300 கிலோவாட் மணி பேட்டரியை 60 கிலோவாட் மின்னேற்றியில் மாட்டினால் ஐந்து மணி நேரம், 120 என்றால் இரண்டரை. ஐரோப்பாவில் லாரி டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த ஓய்வுக்குள் பேட்டரியை நிரப்பிவிடும் கணக்கில் பிறந்த மெகாவாட் மின்னேற்று முறையை 2022 ஜூனில் ஆஸ்லோவில் அறிமுகப்படுத்தினார்கள். அதன் மின்வாய் வண்டியின் இடப்பக்கம், இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டுமாம். பக்கவாட்டில் மாட்டுவதால் வண்டி நேராக வந்து நேராகப் போகலாம். பல நாடுகளின் பொறியாளர்கள் கூடிப் பேசாமலேயே பஞ்செட்டி பங்க்கில் டீசல் போடும் பையனைக் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பார்.

எதிர்வாதத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து காட்டுப்பள்ளிக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் போய்வரும் வண்டிகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. தூரம் குறைவு, இரவில் சொந்த ஷெட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். பல ஆலைகளில் டிரெய்லரை லோடுக்கு விட்டுவிட்டுத் தலை மட்டும் வேறு வேலைக்குப் போவதுண்டு. அங்கே அவிழ்ப்பதே தொழில். 1949இல் எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டத் தொடங்கி, இன்று 55 டன் மின் இழுவை லாரி வரை வந்துவிட்ட அசோக் லேலண்டின் வண்டிகளுக்கு இந்தக் குறுகிய ஓட்டம் பொருத்தமானதே.

சிக்கல் விஜயவாடாவுக்குக் கம்பி ஏற்றும் வண்டிக்குத்தான். அதற்கும் இடம் தயாராகவே இருக்கிறது: எளாவூர் சோதனைச்சாவடி. லாரிகள் நேராக நுழைந்து நேராக வெளியேறும் தடங்கள், மாநில எல்லை, எப்படியும் நிற்க வேண்டிய கட்டாயம். ஒரு தடத்தின் இடப்பக்கம் ஒரு மின்னேற்றியை நட்டால், முன்கால் ஊன்ற வேண்டாம், குழாய் பிடுங்க வேண்டாம். கிளீனரை டீ வாங்க அனுப்பலாம். அவருக்கு இரண்டரை மணி நேரம் இருக்கிறது.